கைவிடப்பட்ட ஊரின் பெயர்கள்

இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு மாணவர்களுக்கு இடப்பெயராய்வில் ஓர் ஒப்படைப்பு கொடுப்பது நம் வழக்கம். சொந்த ஊரிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள பத்து இடங்களின் பெயர்களைத் திரட்டி, பெயர்க்காரணத்தை விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதிவர வேண்டும். ராஜபாளையத்துப் பிள்ளைகள் சஞ்சீவி மலையில் தொடங்குவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகள் திருமுக்குளத்தில் தொடங்குவார்கள். போன ஆண்டு அண்ணன் எழுதிய தாளையே கையெழுத்தை மாற்றி எழுதித் தருபவர்களும் உண்டு. இத்தனை ஆண்டு ஆசிரியப் பணியில் இவற்றை அரைக்கண்ணால் திருத்தப் பழகிவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் கொடுத்த தாளில் மட்டும் கண் முழுதாகத் திறந்தது. ஓநாய்க் கணவாய், கடன்காரன் பாறை, கரண்டு போன ஓடை, அம்மா கூப்பிட்ட மேடு, கோவாத் திட்டு என்று பெயர்கள் வரிசையாக நின்றன. பெயர்க்காரணங்கள் அதைவிடச் சுவையானவை. கரண்டு போன ஓடையில் நீந்திக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனதால் ஒருவன் மூழ்கி இறந்தானாம். அம்மா கூப்பிட்ட மேட்டில் காவல் நின்றவன், தாயார் சாப்பிடக் கூப்பிட்டதால் எழுந்துபோய்விட்டான்; திரும்பி வந்து பார்த்தால் பிணமாய்க் கிடந்தான். நம்மைக் கேலி செய்கிறான் என்று கோபம் வந்தது. அழைத்து, "தம்பி, இந்த ஊர் எங்கே இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்த்துவிடுவோமா?" என்று கேட்டோம்.

"இப்போ இல்லீங்கய்யா. போன மாசம் மூடிட்டாங்க" என்றார்.

மூடியது ஊர் அன்று, கணினி விளையாட்டு. அவரும் ஆறு நண்பர்களும் மூன்று ஆண்டுகளாக இணையத்தில் ஆடிவந்த ஒன்று. அயல்நாட்டு நிறுவனமொன்று பாதி முடிந்த நிலையில் விற்று, பிறகு வருமானம் போதவில்லை என்று ஒரு சிறு அறிவிப்போடு கைகழுவிவிட்டது. பெயர் இங்கே வேண்டாம். நாம் தாளைத் திருப்பிக் கொடுத்து, உண்மையான ஊரைப் பற்றி எழுதிவரச் சொன்னோம். அவரும் எழுதி வந்தார். சஞ்சீவி மலையில் தொடங்கியிருந்தார். இருபதுக்குப் பதினாறு போட்டோம்.

கதை அங்கே முடிந்திருக்கும். பருவத்தேர்வு நாட்களில் ஒருநாள் அவர் துறைக்கு வந்து, "ஐயா, இதையும் ஒரு தடவை பார்த்துட்டுக் குடுங்க" என்று ஒரு நீள நோட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஏழு பேரும் முறைவைத்து எழுதிய நாட்குறிப்பு அது. இன்று யார் வந்தார்கள், எவ்வளவு மரம் வெட்டினார்கள், எந்தப் பக்கத்திலிருந்து எதிரி வந்தான், யாருக்கு யார் எத்தனை கல் கடன் என்றெல்லாம் தேதிவாரியாக இருந்தது. எழுவரில் இருவருக்கு நூற்பாலையில் வேலை. ஒருவருக்குச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி. ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடையில் கிண்டுபவர். கோவாத் திட்டு அவர் உணவு பதுக்கிய இடம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆயினும் ஷிப்டு முடிந்து எழுவரும் நேரில் கூடியது ஆண்டுக்கு ஓரிரு முறை என்றால் அதிகம். கூடியதெல்லாம் அந்த மலையடிவாரத்தில்தான்.

இவ்வகை ஆட்டங்களை அறியாத நண்பர்களுக்காகச் சில வரிகள். உயிர்பிழைப்பு ஆட்டம் என்று சொல்லலாம். வெறுங்கையோடு ஒரு நிலத்தில் விடப்படுகிறோம். பசிக்கும், தாகம் எடுக்கும், குளிரும். சுள்ளி பொறுக்கித் தீ மூட்ட வேண்டும், கல்லைத் தட்டிக் கோடரி செய்ய வேண்டும், இருட்டுவதற்குள் ஒரு கூரை வேண்டும். அதே நிலத்தில் உலகின் வேறு மூலைகளிலிருந்து வந்த முகமறியா மனிதர்களும் அலைகிறார்கள். அவர்கள் உதவலாம்; பறித்துக்கொண்டும் போகலாம். கணினியை அணைத்துவிட்டு நாம் உறங்கினாலும் அந்நிலம் உறங்குவதில்லை. நாம் கட்டிய சுவர் அங்கே நின்றுகொண்டிருக்கும், அல்லது யாரோ இடித்துக்கொண்டிருப்பார்கள்.

தமிழ் படித்தவனுக்கு இதில் புதிது ஒன்றுமில்லை என்பதுதான் நோட்டைப் புரட்டியபோது நமக்கு ஏற்பட்ட வியப்பு. பிறர் சேர்த்து வைத்ததைக் கவர்ந்து வருவது வெட்சி. கவர்ந்தவனைத் துரத்தி மீட்பது கரந்தை. மதிலை முற்றுவது உழிஞை, உள்ளிருந்து காப்பது நொச்சி. நாம் வகுப்பில் மனப்பாடம் செய்வித்து மறுநாள் அவர்கள் மறந்துபோகும் துறைகளை எல்லாம், அவற்றின் பெயர் தெரியாமலே ஏழு பேர் மூன்றாண்டு நடத்தியிருக்கிறார்கள். ஆறலை கள்வரும் உண்டு. நடுகல்கூட உண்டு. எழுவரில் ஒருவர் துபாய்க்கு வேலைக்குப் போய் ஆட்டத்துக்கு வருவதை நிறுத்தியபோது, மற்ற அறுவரும் அவர் கடைசியாக நின்ற இடத்தில் ஒரு கல்லை நட்டு, சுற்றிலும் தீவட்டி வைத்தார்கள் என்று ஒரு பக்கம் சொல்கிறது. அவர் நலமாகத்தான் இருக்கிறார். கல்தான் இல்லை.

இது ஏதோ ஏழு பேரின் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியவில்லை. விசாரிக்க விசாரிக்க, இவ்வகை ஆட்டங்களில் கைவிடுதல் ஏறக்குறைய ஒரு மரபாகவே ஆகிவிட்டதை அறிந்தோம். 2013ஆம் ஆண்டு மார்ச்சில் ஸ்டீம் என்னும் இணைய அங்காடி, முடிவடையாத ஆட்டங்களை முன்கூட்டியே விற்கும் முறையைக் கொண்டுவந்தது. வாசகர்களுக்குப் பழகிய சொல்லில் கூறினால், தொடர்கதை. முதல் சில அத்தியாயங்களைக் காசு கொடுத்து வாங்குகிறோம். மீதி வரும் என்பது நம்பிக்கை. சில ஆட்டங்கள் முடிவடையாமலே போகலாம் என்று அங்காடியும் முன்னரே எச்சரித்துத்தான் விற்கிறது. சட்டப்படி யார்மீதும் குற்றமில்லை.

2015 ஜனவரியில் அப்படி வெளிவந்தது எச்-ஒன்-இசட்-ஒன். பிணங்கள் நடமாடும் ஒரு நாட்டில் உயிர்பிழைப்பது கதை. வந்த சில வாரங்களிலேயே அதைத் தயாரித்த நிறுவனம் சோனியிடமிருந்து கைமாறி, டேபிரேக் என்று பெயர் மாறியது. அடுத்த ஆண்டு ஆட்டத்தை இரண்டாகப் பிளந்தார்கள். கடைசி ஆள் நிற்கும்வரை சுட்டுக்கொள்ளும் பகுதிக்குக் கூட்டம் சேர்ந்தது. வீடு கட்டி, பயிரிட்டு, உயிர்பிழைக்கும் மூலப் பகுதி மாற்றாந்தாய்ப் பிள்ளையாயிற்று. 'ஜஸ்ட் சர்வைவ்' என்று பெயர் மாற்றினார்கள். 2018 அக்டோபர் 24 அன்று மூடினார்கள். ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஓடியும், முழுமை பெற்ற ஆட்டம் என்ற நிலையை அது எட்டவேயில்லை. முடியாத தொடர்கதை.

இதைவிட விசித்திரமானது 'தி டே பிஃபோர்'. சைபீரியாவின் யாகூத்ஸ்க் நகரத்தவரான இரு சகோதரர்கள் தொடங்கிய ஃபன்டாஸ்டிக் என்ற நிறுவனத்தின் ஆக்கம் அது. 2021 ஜனவரியில் அறிவித்தார்கள். முன்னோட்டக் காட்சிகளைக் கண்டு உலகமே வாய்பிளந்தது. ஸ்டீம் அங்காடியில் மிக அதிகம் பேர் விரும்பிக் காத்திருந்த ஆட்டங்களின் பட்டியலில் அது உச்சியில் இருந்தது. வெளியீட்டுத் தேதி ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப்போய், 2023 டிசம்பர் 7 அன்று ஒருவழியாக வந்தது. வந்தது வேறொன்று. முன்னோட்டத்தில் கண்ட பரந்த உலகம் அதில் இல்லை. நான்கே நாளில், டிசம்பர் 11 அன்று, பொருளளவில் தோற்றுவிட்டோம் என்று சொல்லி நிறுவனத்தையே மூடினார்கள். 2024 ஜனவரி 22 அன்று வழங்கிகளும் அணைந்தன. வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஐந்தாண்டு சந்தா கட்டி மூன்று இதழோடு நின்றுபோன பத்திரிகைகளில் எதுவும் நமக்குப் பணம் திருப்பித் தந்ததில்லை.

இந்த இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமன்று. முதலாவதில் உண்மையான உழைப்பு இருந்தது. கூட்டம் போன திசையில் முதலாளி போனார். இரண்டாவதில் வாக்குறுதிதான் பெரிதாக இருந்தது. கைவிட்டவர்கள் எல்லாரையும் கயவர்கள் என்று ஏசும் இளைஞர்களோடு நமக்கு உடன்பாடில்லை. ஒரு படைப்பைத் தொடங்கிவிட்டு முடிக்க முடியாமல் போவதன் வேதனை இலக்கியம் அறிந்தவர்களுக்குத் தெரியாததா? பாரதியின் 'சந்திரிகையின் கதை' பாதியில் நிற்கிறது. புதுமைப்பித்தனின் 'அன்னை இட்ட தீ' முடியவில்லை. சி.சு.செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' 1970இல் நின்றது. அவர் புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்ததை நம் ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பணம் இல்லாவிட்டால் எதுவும் நிற்கும். வழங்கி ஒன்றை இரவும் பகலும் ஓடவிட மின்சாரத்துக்கும் ஆளுக்கும் செலவு உண்டு. இருநூறு பேர் ஆடும் ஆட்டத்துக்கு அச்செலவை யார் செய்வார்கள்?

ஆனால் 'எழுத்து' நின்றபோது, அதுவரை வந்த இதழ்கள் வாங்கியவர் வீட்டுப் பரணில் இருந்தன. செல்லப்பா வந்து கேட்டுத் திரும்ப வாங்கிப்போகவில்லை. மணிக்கொடியும் சரஸ்வதியும் கசடதபறவும் நின்று பல்லாண்டு கழிந்தும் நாம் அவற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது, யாரோ ஒரு வாசகன் அவற்றைக் கட்டிவைத்துக் கரையானிடமிருந்து காப்பாற்றியதால்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா அப்படிப்பட்ட வாசகர். பதிப்பாளர்களே மறந்துபோன துண்டுப் பிரசுரங்களையும் நாடக நோட்டீசுகளையும் அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அந்தச் சேகரம் 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875 முதல் இயங்கும் பென்னிங்டன் நூலகத்துக்குப் போனால், பதிப்பகம் எப்போதோ மறைந்துவிட்ட நூல் அலமாரியில் இருக்கும். அதை எடுத்துப் படிக்க யாருடைய தயவும் வேண்டியதில்லை.

இணைய ஆட்டத்தின் சிக்கல் இங்கேதான். வாங்கியவனின் கணினியில் இருப்பது பாதிதான். படமும் ஒலியும் அவனிடம் இருக்கும். அந்நிலத்தின் நினைவு, யார் எங்கே நிற்கிறார், எந்தச் சுவர் யாருடையது, ஓநாய் எப்போது வரும் என்பதெல்லாம் நிறுவனத்தின் வழங்கியில் இருக்கும். அதை இயக்கும் நிரல் பெரும்பாலும் வெளியே தரப்படுவதில்லை. வழங்கி அணைந்தால் வாங்கியவனிடம் மிஞ்சுவது திறக்க முடியாத கதவு. தொடர்கதை பாதியில் நின்றது மட்டுமன்று. இதுவரை வந்த அத்தியாயங்களையும் ஆள் விட்டு வீடு வீடாகப் பறித்துப் போனதற்குச் சமம். கல்கி 1954இல் மறைந்தபோது 'அமரதாரா' பாதியில் இருந்தது. அவருடைய குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி முடித்தார். குறிப்பும் இல்லை, அத்தியாயமும் இல்லை என்றால் எந்த மகள் வந்து என்ன செய்ய முடியும்?

நிறுவனம் மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒன்றிரண்டு சான்றுகள் உண்டு. 'டே-இசட்' என்னும் ஆட்டம் 2012இல் டீன் ஹால் என்ற நியூசிலாந்துக்காரர் இன்னோர் ஆட்டத்தின் மேல் ஒட்டாக எழுதியது. அதன் தனிப் பதிப்பு முடியுமுன்பே, 2014 இறுதியில், அவர் அந்த நிறுவனத்திலிருந்து விலகிவிட்டார். இதுவும் கைவிடல்தான். ஆனால் போஹீமியா இன்டராக்டிவ் நிறுவனம் விடாமல் இழுத்து 2018 டிசம்பரில் முழு வடிவத்தைக் கொண்டுவந்தது. 'நாக்அவுட் சிட்டி' என்ற பந்தெறியும் ஆட்டத்தை 2023 ஜூனில் மூடியவர்கள், ஆடியவர்களே தங்கள் வழங்கியில் நடத்திக்கொள்ளும்படி ஒரு பதிப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டு விடைபெற்றார்கள். கடையைச் சாத்தும்போது சாவியை ஊர்க்காரர்களிடம் கொடுத்துவிட்டுப் போவதைப் போல. இதற்குப் பெரும் பொருட்செலவு ஆகியிருக்கும் என்று தோன்றவில்லை, மனம் இருந்திருக்கிறது.

மனம் இல்லாத இடத்தில் ஆடியவர்கள் திருட்டுத்தனமாகத்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. கொரிய நிறுவனமான என்சிசாஃப்ட் 2012 நவம்பர் 30 அன்று 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' ஆட்டத்தை மூடியது. அதன் வழங்கி நிரல் எப்படியோ சிலர் கைக்கு வந்து, ஆண்டுக்கணக்கில் இரகசியமாக ஓடியது. 2019இல் செய்தி வெளியானது. நிறுவனம் வழக்குப் போடும் என்று எல்லாரும் அஞ்சியிருக்க, 2024 ஜனவரியில் அந்த ரசிகர் குழு ஒன்றுக்கு முறையான உரிமமே கிடைத்தது. ஏடு வைத்திருந்தவர் வீட்டில் தராமல் மறுத்து, பிறகு பதினோராண்டு கழித்து அவரே அழைத்து, "படி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்ன கதைதான். உ.வே.சா. பட்ட பாடுகளைப் படித்தவர்களுக்கு இதன் சுவை விளங்கும்.

மேலை நாடுகளில் இப்போது இது ஓர் இயக்கமாகவே ஆகியிருக்கிறது. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்னும் கார்ப் பந்தய ஆட்டத்தை 2024 மார்ச் 31 அன்று மூடியது. பின்னர் வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே அதன் உரிமத்தையும் நீக்கியது. ராஸ் ஸ்காட் என்ற அமெரிக்கர் அதை முன்வைத்து ஆட்டங்களைக் கொல்லாதீர்கள் என்று ஒரு பரப்புரை தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்பிய மனுவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டார்கள். எந்நாளும் வழங்கியை ஓட்டிக்கொண்டே இருங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. போகும்போது ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள். கலிபோர்னியாவில் 2025 முதல் நடப்பிலுள்ள ஒரு சட்டம், உரிமம் மட்டுமே தருகிற பொருளை அதை விளக்காமல் 'வாங்குக' என்று எழுதி விற்கக்கூடாது என்கிறது. சொல்லைப் பற்றிய சட்டம் என்பதால் நமக்கு அதில் தனி ஈடுபாடு. வாங்குதல் என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளை ஒரு சட்டமன்றம் மீட்டுக்கொடுத்திருக்கிறது.

நம் நாட்டில் விளையாட்டு என்றாலே தடையைப் பற்றித்தான் பேச்சு. 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தார்கள். 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. அது தேவையே, எத்தனையோ குடும்பங்கள் அழிந்திருக்கின்றன. ஆனால் காசு கொடுத்து வாங்கிய நேர்மையான ஆட்டம் ஒருநாள் காணாமற்போனால் என்ன செய்வது என்பது வேறு கவலை. அதற்கும் நம்மிடம் மருந்து இல்லாமலில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, ஏற்கெனவே வெளிவந்த ஒரு படைப்பை மறுபடி வெளியிட உரிமையாளர் மறுத்து, அதனால் அது மக்களுக்குக் கிட்டாமல் போனால், வேறொருவருக்குக் கட்டாய உரிமம் வழங்க வழி வைத்திருக்கிறது. முன்பு இந்தியப் படைப்புகளுக்கு மட்டும் என்றிருந்த அந்தப் பிரிவு 2012 திருத்தத்தில் எல்லாப் படைப்புகளுக்கும் விரிந்தது. வழங்கி நிரல் ஒருபோதும் வெளியிடப்படாததாயிற்றே, வெளிவந்த படைப்பு என்று அதை எப்படிச் சொல்வது என்று ஒரு வழக்கறிஞர் நண்பர் மடக்கினார். சரிதான். அந்த ஓட்டையைத்தான் அடைக்க வேண்டும் என்கிறோம்.

அதைவிடப் பொருத்தமான சொல் ஒன்று தமிழ்நாட்டாரிடமே இருக்கிறது. நாட்டுடைமை. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புரிமையை வாங்கியது. பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை வைத்திருந்த ஏவி.மெய்யப்பச் செட்டியார் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார். பின்னர் பாரதி எல்லாருக்கும் பொதுவானார். ஒரு கவிஞனின் எழுத்தை விலைகொடுத்து வாங்கி மக்களுக்கு எழுதிவைத்த அரசு உலகில் வேறு எது? (அதே 1949இல் மாகாண முதலமைச்சர் பொறுப்புக்கு வந்த பூ.ச.குமாரசுவாமி ராஜா நம் ராஜபாளையத்துக்காரர். சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். ஊர்ப் பெருமை பேசுகிறோம் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் பேசத்தான் செய்கிறோம்.) அதன்பின் எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் பரிவுத்தொகையோடு நாட்டுடைமை ஆகியிருக்கின்றன. நிறுவனம் ஓர் ஆட்டத்தைக் கைவிட்ட நாளிலேயே அதன் வழங்கி நிரல் ஆடியவர்களின் பொதுவுடைமை ஆகவேண்டும் என்று விதி செய்வதில் என்ன தவறு? அதற்கு விலைகூட வேண்டியதில்லை. விற்றவருக்கு அது ஏற்கெனவே பயனற்றுப்போன பொருள். முன்கூட்டி விற்பவர்கள், நின்றுபோனால் நிரலை வெளியிடுவோம் என்று விற்கும்போதே எழுதிக்கொடுக்கட்டும். எழுதிக்கொடுக்காதவரிடம் வாங்காமல் இருக்கும் விவேகம் ஆடுபவர்களுக்கு வரட்டும்.

நண்பர்கள் சிலர் நகைப்பது கேட்கிறது. பிள்ளைகள் படிப்பைக் கெடுக்கும் ஓர் ஆட்டம் மூடப்பட்டால் தேங்காய் உடைக்க வேண்டியதுதானே, தமிழாசிரியனுக்கு இதில் என்ன அழுகை என்பார்கள். படிப்பு கெடுகிறது என்பதை மறுக்க மாட்டோம். அந்த மாணவர் அவ்வாண்டு தொல்காப்பியத்தில் தேறவில்லை. ஆனால் நாவல் வாசிப்பு பெண்களைக் கெடுக்கும் என்று எழுதிய காலமும் தமிழில் இருந்தது. சினிமாவைப் பற்றி நம் தாத்தாக்கள் சொன்னதை இன்று யாரும் திருப்பிச் சொல்வதில்லை. எது கலை என்பதை முன்கூட்டி அறிந்து அதை மட்டும் காப்பேன் என்பவனிடம் எதுவும் தங்காது. அமெரிக்காவில் 2010க்கு முன் வந்த ஆட்டங்களில் நூற்றுக்கு 87 இன்று கடையில் கிடைப்பதில்லை என்று அங்குள்ள விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது. அவற்றில் பெரும்பாலானவை குப்பையாகவே இருக்கட்டும். ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட ஏடுகளிலும் குப்பை இருந்திருக்கும்.

நகைப்பவர்களுக்கு இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். நம்மில் பலர் இணையத்தில் முதன்முதலில் தமிழில் தட்டச்சிட்டது யாகூ குழுமங்களில். ராயர் காப்பி கிளப், மரத்தடி என்று எத்தனை மடலாடற் குழுக்கள். வெண்பாவுக்குத் தளை தட்டுகிறதா என்று விடியவிடியச் சண்டையிட்டதும், ஒரு சிறுகதையைப் பத்துப் பேர் கூடிப் பிய்த்தெறிந்ததும் அங்கேதான். யாகூ 2019 அக்டோபரில் அறிவித்து, சேமிப்புகளை அழித்து, 2020 டிசம்பரில் குழுமங்களை முற்றாக மூடியது. அதற்குப் பதினோராண்டுக்கு முன்பே ஜியோசிட்டீஸ் போயிற்று. தொடக்ககாலத் தமிழ்ப் பக்கங்கள் பல அதோடு போயின. அன்று நமக்கு வலித்தது. தகவல் தொலைந்ததைக் காட்டிலும், நாம் திண்ணை என்று நினைத்து உட்கார்ந்திருந்தது வாடகை இடம் என்று தெரிந்ததே வலி. ஏழு பேர் மலையடிவாரத்தில் கட்டிய வீட்டுக்கும் நம் மடலாடற் குழுவுக்கும் எந்த வேறுபாடும் நமக்குத் தெரியவில்லை. அவர்கள் ஏமாந்தது போலவே நாமும் ஏமாந்தோம். அவர்களாவது நோட்டு எழுதினார்கள்.

நோட்டின் கடைசிப் பக்கங்கள் மூடப்படும் தேதி அறிவிக்கப்பட்ட பிறகு எழுதியவை. முதலில் கோபம், வசை. ஒருவர் ஆங்கிலத்தில் நிறுவனத்துக்கு ஒரு மடல் எழுதிப் படியெடுத்து ஒட்டியிருக்கிறார்; பதில் வந்த குறிப்பு இல்லை. பிறகு வேறொரு காரியம் தொடங்குகிறது. இனிப் பயனில்லை என்று தெரிந்தும் இடிந்த மதிலைச் சரிசெய்திருக்கிறார்கள். யாருக்கு யார் எத்தனை கல் கடன் என்ற கணக்கைக் கூட்டிக் கழித்து நேர்செய்திருக்கிறார்கள்; கடன்காரன் பாறைக்குப் பெயர் தந்தவர் அன்று முழுதும் அடைத்துவிட்டார் என்று ஒரு வரி. இரண்டு ஆண்டு பகைமை பாராட்டிய எதிர்க் கூட்டத்தார் கடைசி இரவில் ஆயுதமின்றி வந்து கோட்டைக்கு வெளியே தீ மூட்டி அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் எந்த நாட்டார் என்பதே இவர்களுக்குத் தெரியாது. பேச மொழியில்லை. துபாய்க்காரரும் அன்று வந்திருக்கிறார். தன் நடுகல்லைத் தானே பார்த்து நின்றதாக எழுதியிருக்கிறது. அதன்கீழ் நேரம் குறித்து, இணைப்பு அறுந்தது என்று இரண்டு சொல்.

அவ்வளவையும் நாம் வாசித்தது மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு. இருபதுக்குப் பதினாறைத் திருத்த வழியில்லை. முதல் தாளை நாமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதை என்ன செய்தார் என்று கேட்டபோது, "அப்பவே கிழிச்சிட்டேன்ய்யா" என்றார். இடப்பெயர் பத்தில் ஐந்துதான் நமக்கு நினைவிருக்கிறது. மற்ற ஐந்தையும் நோட்டில் தேடிக் குறித்து வைத்திருக்கிறோம். அடுத்த ஆண்டு முதல் ஒப்படைப்பின் தலைப்பில் 'சொந்த ஊரில் உள்ள' என்ற சொற்களை எடுத்துவிட்டோம். நோட்டு இன்னும் துறை அலமாரியில் இருக்கிறது. அவர் இப்போது கோயம்புத்தூரில் ஓர் ஆலையில் வேலை பார்க்கிறார். வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று இரண்டு முறை சொன்னார், வரவில்லை.